தொப்பி போட்ட மலைக்கு முதுகைக் காட்டு

ஜூன் 2, ஞாயிறு

மொல்லாகாசிம் பொதுக் கடற்கரை. உண்மையில் ஏரிக்கரை. ஆனால் வான் என்கிற எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதை ஏரி என்று சொல்லமாட்டார்கள், சொன்னால் கோபம் வரும். சரி, கடல் என்றே இருக்கட்டும். பெயர் வைக்கக் காசா பணமா.

டாக்டர் எனக்கு இரண்டு வைத்தியம் சொல்லியிருக்கிறார். வாராவாரம் முழங்காலை இந்த ஏரியின் சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். வாயில் வருவதைப் பேசாமல் எழுதிவைக்க வேண்டும், அப்போதுதான் பிரஷர் இறங்குமாம். இரண்டாவது வைத்தியத்தை அவர் காதில் போட்டது என் வீட்டுக்காரர் ஹாலித் என்று எனக்குப் பலத்த சந்தேகம். ரயில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிற கப்பலில் இஞ்சின் பக்கத்திலேயே நின்று ஓய்வுபெற்ற மனிதர். அந்தச் சத்தம் தொந்தரவில்லை, என் சத்தம்தான் தொந்தரவு.

ஊரே கரி அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது. புகையில் தண்ணீர் எந்தப் பக்கம் என்று விசாரித்துத்தான் போகவேண்டியிருந்தது. ஒரு வழியாக ஜமுக்காளத்தை விரித்து, கத்தரிக்காயைச் சுடப்போட்டு நிமிர்ந்தால், நாலு ஜமுக்காளம் தள்ளி டீக்கு வெந்நீர் கொதிக்கிற ஒரு சமோவார் ஆவி விடுகிறது. அந்தச் சமோவாரை எந்த தேசத்தில் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். அம்மாவுடையது. அதற்குப் பின்னால் என் தங்கை பெரிஹான், சமோவாரைவிடப் பளபளப்பாக.

ஆறு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. கா விட்டிருக்கிறோம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, அவளுக்கு ஐம்பத்து நாலு.

புருஷர்களுக்குள் கா கிடையாது. ஹாலித்தும் அவள் வீட்டுக்காரர் சாதெட்டினும் இரண்டு ஜமுக்காளங்களுக்கும் நடுவில் எல்லைக்கோடு மாதிரி தாவ்லாப் பலகையைப் போட்டுக்கொண்டு பகடை உருட்டினார்கள். சாயங்காலம் வரை அந்தப் பகடைச் சத்தம்தான். முழங்கால் ஊறியது. பிரஷரைப் பற்றிச் சொல்வதற்கில்லை.

ஜூன் 9, ஞாயிறு

அவள் முகத்தில் விழிக்க வேண்டாம் என்று இன்று தெற்கே, எத்ரெமித் கரைக்குப் போனோம். அங்கே எங்களுக்கு முன்பே சமோவார் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

ஜூன் 16, ஞாயிறு. பெருநாள்

பெருநாளில் சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கா விட்டவர்களும் அன்றைக்குப் பழம் விட்டாக வேண்டும். ஊர் வழக்கம் இது, நான் போட்ட சட்டமில்லை. நான் பெரியவள். ஆகவே நான் வீட்டில் இருந்தேன். ஒவ்வொரு பெருநாளும் இருக்கிறேன். யாருக்காகவும் இல்லை, சும்மாதான். சும்மாதான் அவளுக்குப் பிடித்த வால்நட் இனிப்பைச் செய்தேன், சும்மாதான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

சாதெட்டின் மட்டும் வந்தார், கையில் குர்பானி இறைச்சிப் பொட்டலத்தோடு.

"பெரிஹானுக்கு முழங்கால் வலி மதினி. மாடி ஏற முடியல."

போன ஞாயிறு அந்த முழங்கால் பாறை மேலிருந்து தண்ணீரில் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன். பரம்பரை முழங்கால்தான், ஆனால் அவளுக்கு மட்டும் நாள் கிழமை பார்த்து வலிக்கிறது.

பிறகு டீயைக் குடித்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பது மாதிரி சொன்னார். "எங்க கடையை வித்தாச்சு மதினி. பையன் புர்சாவுக்கே வந்துருங்கன்னு நிக்கிறான். ஆகஸ்ட் கடைசியில கிளம்புறோம். வீடு பூட்டித்தான் கிடக்கும்."

புர்சா. நாட்டின் அந்தக் கோடி. பஸ்ஸில் ஏறினால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும்.

"நல்லது. நல்லா இருக்கட்டும்," என்றேன். இனிப்பு முழுவதையும் கட்டிக் கொடுத்தேன். வீட்டில் வைத்தால் ஹாலித்துக்குச் சர்க்கரை ஏறிவிடும், அதனால்தான்.

ஜூன் 17, திங்கள்

போகட்டுமே. யார் பிடித்து வைத்தார்கள்?

ஜூன் 23, ஞாயிறு

மொல்லாகாசிம். அவளும். இனி எழுதுவதாக இல்லை, கடலில் தண்ணீர் இருந்தது என்று எழுதுவது போலத்தான் அது.

விவரம் தெரியாதவர்கள் இதைப் படித்தால் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைப்பார்கள். சொத்துக்கெல்லாம் நாங்கள் சண்டை போட மாட்டோம், அவ்வளவு அற்பமானவர்கள் இல்லை. எங்கள் சண்டை சீஸுக்காக.

என் மகள் ஆய்தெனைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு போட்டேன். எங்கள் ஊரில் ஒரு வீட்டின் மானம் மரியாதையெல்லாம் காலைச் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. அதில் முக்கால்வாசி, மலைப்பூண்டுத் தழை போட்ட சீஸில் இருக்கிறது. வசந்தத்தில் செய்து, பானையில் அடைத்து, தோட்டத்து மண்ணில் தலைகீழாகப் புதைத்து, குளிர்காலத் தொடக்கத்தில் தோண்டி எடுக்க வேண்டும். சம்பந்தியம்மாள் ஒரு வாய் தின்று, "நீங்களே புதைச்சதா?" என்று கேட்டார். "பின்னே?" என்றேன். அப்போது என் கூடப்பிறந்தவள் ஒரு துண்டை எடுத்து, வைத்தியர் நாடி பார்ப்பது மாதிரி கண்ணை மூடி மென்று, "அக்கா, இது கடையில வாங்குனது மாதிரி இருக்கே" என்றாள்.

மேஜையில் கரண்டிச் சத்தம்கூட நின்றுபோனது.

கல்யாணம் நடந்தது, ஆய்தென் அங்காராவில் நன்றாக இருக்கிறாள், சம்பந்தியம்மாள் வரும்போதெல்லாம் சீஸைக் கேட்டு வாங்கிப் போகிறார். அது வேறு. சபையில் வைத்துச் சொன்னாளே! அந்த சீஸ் கடையில் வாங்கியதா இல்லையா என்பதல்ல கேள்வி. அந்தக் கேள்வியை யாரும் கேட்கத் தேவையுமில்லை.

ஜூன் 30, ஞாயிறு

எத்ரெமித். அவள். இது தற்செயல் என்று நம்புவதற்கு நான் ஒன்றும் நேற்றுப் பிறந்தவளில்லை. வீட்டில் ஒற்றன் இருக்கிறான்.

"நீங்கதானே சகலைக்கு ஃபோன் போட்டு எங்க போறோம்னு சொல்றது?"

"எனக்கே கார்ல ஏறுன பிறகுதானே நீ சொல்றே," என்றார் ஹாலித்.

"அப்ப கார்ல இருந்து போடுறீங்க."

"ஸ்டீயரிங்கை யாரு பிடிக்கிறது? நீயா?"

இந்த வீட்டில் இரண்டு பேர் எழுதினால்தான் பிரஷர் சரியாகும் போலிருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

பொறி வைத்தேன். காலையில் பால்கனியில் நின்று பார்த்து, எங்கே போவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டு, ஹாலித்திடம் "அமிக்" என்று வடக்கே இருக்கிற கரையைச் சொன்னேன். பெட்ரோல் பங்குக்குப் பிறகு, "இல்லை, தெற்கே திருப்புங்க, கெவாஷ்" என்றேன். அவர் ஃபோன் என் பையில். சகலைக்குத் தகவல் சொல்ல வேண்டுமானால் இனி புறாவைத்தான் பிடிக்க வேண்டும்.

கெவாஷ் கரையில் இறங்கினோம். சமோவார்!

ஹாலித் தாவ்லாப் பலகையை இடுக்கிக்கொண்டு, கோர்ட்டில் விடுதலையான ஆள் மாதிரி நடந்து போனார்.

நான் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து, இடது கையை இடுப்பில் ஊன்றி, வலது கையை நெற்றியில் குடையாகப் பிடித்து, தண்ணீருக்கு அப்பால் சுப்ஹான் மலையைப் பார்த்தாள். இடுப்புக் கை, நெற்றிக் கை, கொஞ்சம் சாய்ந்த கழுத்து. அது அம்மா. அச்சு அசல் அம்மா. காலையில் பால்கனிக் கண்ணாடியில் என் நிழலும் அப்படித்தான் நின்றது.

அட ஆண்டவனே.

"தொப்பி போட்ட மலைக்கு முதுகைக் காட்டு" என்று அம்மா சொல்லும். வடக்கே சுப்ஹான் மலை மேகத் தொப்பி போட்டிருந்தால் வடகரையில் காற்றும் அலையும். தெற்குக் கரைக்குப் போ. தெற்கே ஆர்தோஸ் மலை தொப்பி போட்டிருந்தால் வடக்கே போ. உச்சியில் தொப்பி என்றால் பக்கத்துக் கரை, தோளில் சால்வை என்றால் தூரத்துக் கரை. இரண்டு மலையும் போட்டிருந்தால் வீட்டில் கிட. இரண்டுமே போடவில்லை என்றால் உன் இஷ்டம், எங்கே வேண்டுமானாலும் போ.

ஒற்றனும் இல்லை, தற்செயலும் இல்லை. நான் அவளைத் தவிர்க்க அம்மா சொன்னபடி கரையைத் தேர்ந்தெடுக்கிறேன். அவள் என்னைத் தவிர்க்க அம்மா சொன்னபடி கரையைத் தேர்ந்தெடுக்கிறாள். மண்ணுக்குள் போன பிறகும் அந்த மனுஷி எங்கள் இரண்டு பேரையும் காதைப் பிடித்து ஒரே இடத்தில் உட்கார வைத்திருக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

இப்போது சூத்திரம் கையில் இருக்கிறது, விடுவேனா. ஆர்தோஸ் தலையில் பெரிய தொப்பி. வடக்கே போகவேண்டிய நாள். நேராக ஆர்தோஸின் மடியில், கெவாஷுக்கே போனேன்.

வெற்றி. பெரிஹான் இல்லை. யாருமே இல்லை. காற்று குடையைப் பிடுங்கியது, ரொட்டியில் மணல், இறைச்சியில் மணல், தர்ப்பூசணிக்குள் எப்படிப் போனதென்று தெரியவில்லை, அதிலும் மணல். ஹாலித் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கைக்கும் இடது கைக்கும் போட்டி வைத்து ஆடினார். இடது கை ஜெயித்தது.

நிம்மதியாக இருந்தது. அவ்வளவு நிம்மதி எனக்கு ஒத்துவரவில்லை போலிருக்கிறது, மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஜூலை 21, ஞாயிறு

முழங்காலை உத்தேசித்து அம்மா சொன்னபடியே எத்ரெமித் போனேன். முழங்காலை உத்தேசித்து மட்டும்தான்.

மத்தியானம் ஒரு சுழற்காற்று வந்து எங்கள் குடையைத் தூக்கியது. அந்தக் குடை ஊர் ஜனத்தையெல்லாம் தாண்டி, வேறு தலையே கிடைக்காதது போல, பெரிஹான் தலையில் போய் உட்கார்ந்தது. கரையே பார்த்தது. அவள் எழுந்தாள். குடையைச் சுருக்கினாள், கயிற்றால் சுற்றிக் கட்டினாள், அம்மா கட்டுகிற அதே முடிச்சு. ஹாலித்திடம் கொடுத்தாள். கூடவே ஒரு கண்ணாடித் தம்ளர் டீ.

டீ என்ன பாவம் செய்தது? குடித்தேன்.

இங்கே போதும் என்றால் கரண்டியைத் தம்ளர் வாய்மேல் குறுக்காக வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வந்துகொண்டே இருக்கும். நான் வைக்க மறந்துவிட்டேன். இரண்டாவது தம்ளர் வந்தது. அதற்கும் மறந்துவிட்டது. வயதாகிறதல்லவா, ஞாபகம் முன்னைப் போல் இல்லை.

ஜூலை 22, திங்கள்

"என்ன, தங்கச்சி டீ எப்படி?" என்று காலையில் ஹாலித் கேட்டார், கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. அந்தச் சிமிட்டல்தான் எனக்கு ஆகவில்லை.

"சமோவார் அம்மாவோடது, டீ யாரோடதோ. ஏரித் தண்ணியைச் சுட வச்சது மாதிரி இருந்துச்சு," என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நானும் நினைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

மொல்லாகாசிம். டீ வரவில்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தொப்பி போட்ட மலை நான்தான் போலிருக்கிறது. சமோவாரையும் அந்தப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தாள்.

சாதெட்டின் வந்து தலையைச் சொறிந்தார். "ஏரித் தண்ணி மாதிரி இருந்துச்சாமே மதினி…"

நான் ஹாலித்தைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"தமாசுக்குத்தானே சொன்னேன் நெசாகெத். நாங்க ரெண்டு பேரும் அவ்வளவு சிரிச்சோம். இந்தாளு போய் வீட்டுல சொல்லுவான்னு எனக்குத் தெரியுமா?" என்றார் ஹாலித்.

"நீங்க வந்து இங்க சொல்றப்போ, அவரு போய் அங்க சொல்லாம இருப்பாரா?"

நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் நுணலுக்காவது அதன் சத்தத்தைத் தூக்கிக்கொண்டு போய் அக்கம் பக்கத்தில் கொடுக்கிற புருஷன் கிடையாது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மா சொன்னபடி அமிக். அவள் வரவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

விசாரித்தேன். அதாவது, ஹாலித் விசாரித்ததை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நேற்று அவர்கள் கெவாஷில் இருந்தார்களாம். ஆர்தோஸ் தோளில் சால்வை கிடக்கும்போது! கண்ணில் மண், காதில் மண், சாதெட்டினின் தொப்பி தண்ணீரோடு போய்விட்டதாம்.

ஆக அவளும் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எங்கே போனால் நான் இருக்கமாட்டேன் என்று கணக்குப் போட்டு, மண்ணைத் தின்றாலும் பரவாயில்லை என்று போயிருக்கிறாள். அந்த அளவுக்கு என் முகம் கசந்துவிட்டது.

ஒரு டீயைச் சொன்னதற்கா? ஒரு டீ!

அவள் என் சீஸைச் சொன்னபோது எனக்கு — சரி, விடு.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சுப்ஹான் தொப்பி போட்டிருந்தது. தெற்கே போகவேண்டும். நான் வடக்கே, மொல்லாகாசிம் போகச் சொன்னேன். முழங்காலுக்குக் காற்று நல்லது என்று யாரோ சொன்னதாக ஹாலித்திடம் சொன்னேன். "யாரு?" என்றார். "டாக்டர்," என்றேன். "எந்த டாக்டர்?" என்றார். ஓட்டுங்க என்றேன்.

காற்றில் கண்ணைத் திறக்க முடியவில்லை. கரையில் ஒரு ஈ காக்கை இல்லை. எனக்காக அவள் மண் தின்றாளே, இந்த முறையும் தின்ன வருவாள், நாமும் கூட உட்கார்ந்து தின்போம் என்று நான் நினைக்கவில்லை. நினைத்தேன் என்று யாரும் நிரூபிக்க முடியாது.

சாயங்காலம் சாதெட்டின் ஃபோன் செய்தார். அவர்கள் இன்று அம்மா சொன்னபடி எத்ரெமித்தில் இருந்தார்களாம். தண்ணீர் பால் மாதிரி இருந்ததாம். பெரிஹான் நாள் முழுக்க வழியைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், எந்தக் காரைத் தேடினாளோ தெரியவில்லை, இவருக்குச் சரியாகச் சோறுகூடப் போடவில்லையாம்.

ஹாலித் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "கத்தரிக்காய் கருகுது," என்றேன். அடுப்பில் கத்தரிக்காய் எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இரண்டு மலையும் தொப்பி. வீட்டில் கிட என்று அம்மாவே சொல்லிவிட்டது. கிடந்தேன்.

சாமான் லாரி அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை வருகிறது. இன்னும் ஒரே ஞாயிறு.

போய்விட்டால் என்ன என்று கேட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. ஆறு வருடமாகப் பேசவில்லையே, அதே பேசாமையை அவள் புர்சாவிலிருந்து செய்யப்போகிறாள். என்ன வித்தியாசம்? வித்தியாசம் இருக்கு. இங்க இருந்தா கண்ணுல படுறா. நாலு ஜமுக்காளம் தள்ளி உக்காந்து ஆளைக் கொல்றா, ஆனா இருக்கா. இருமுனா கேக்குது. அங்க போயிட்டா ஒருநாள் ஃபோன் வரும், சாதெட்டின் பேசுவாரு, அவளுக்கு இப்படி ஆயிடுச்சுன்னு. அதுக்கப்புறம் யார்கிட்ட போய் யாரு முதல்ல பேசுறது?

பயமாயிருக்கு. எழுதினால் பிரஷர் இறங்கும் என்றார்களே, எங்கே இறங்குகிறது.

தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். என் தசை ஆடுவது வாதத்தால் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் பால்கனிக்குப் போனேன். சுப்ஹான் மொட்டைத் தலை. ஆர்தோஸ் மொட்டைத் தலை. எங்கு திரும்பினாலும் துடைத்து வைத்த நீலம். வருடம் முழுக்க ஏதாவது ஒன்று தலையில் கவிழ்த்துக்கொண்டு திரிகிற மலைகள், இன்றைக்குப் பார்த்து மரியாதை தெரிந்து தொப்பியைக் கழற்றிவிட்டன. உன் இஷ்டம், எங்கே வேண்டுமானாலும் போ. அம்மா, இதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வேண்டுமா நீ?

காரில் ஏறினோம். ஹாலித் இஞ்சினைப் போட்டார்.

"எங்க?"

வடக்கே நாலைந்து கரை, தெற்கே நாலைந்து கரை. வடக்கே போனால் அவள் தெற்கே இருப்பாள். தெற்கே போனால் வடக்கே. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் விற்கிற விலையில்.

"எங்கன்னு சொல்லு நெசாகெத்."

"உங்க சகலைக்கு ஃபோன் போடுங்க," என்றேன். "அவங்க எங்க போறாங்கன்னு கேளுங்க."

ஹாலித் என்னை ஒரு முறை பார்த்தார். நல்லவேளை, கண்ணைச் சிமிட்டவில்லை. சிமிட்டியிருந்தால் இறங்கிப் போயிருப்பேன். ஃபோனை எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு முன்னால் வைத்தார். ஒரே மணியில் எடுத்தார் சாதெட்டின்.

"சகலை, நீங்க எங்க போறீங்கன்னு கேக்கச் சொல்றா."

"அட, நீங்க எங்க போறீங்கன்னு கேக்கச் சொல்லி இங்க என் உயிரை வாங்கிட்டிருக்கா! கார்ல ஏறி எவ்வளவு நேரமாச்சு, வாசலை விட்டு நகரலை. இப்பத்தான் உனக்குப் போட ஃபோனை எடுக்கிறேன், நீயே போட்டுட்டே."

"நாங்களும் வாசல்லதான்."

இரண்டு தெரு தள்ளி அந்தக் கார் உறுமுவது ஃபோனில் கேட்டது. திடீரென்று சாதெட்டினுக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல், யாரிடமோ சொல்வது போல:

"மலையில தொப்பியே இல்லை. எங்கன்னு நான் என்னத்தைச் சொல்றது?"

ஆறு வருடம் கழித்து அந்தக் குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது.

நான் காரின் முன்பலகையைப் பார்த்துச் சொன்னேன்: "தொப்பி இல்லேன்னா எங்க வேணா போகலாம்னுதானே அம்மா சொல்லும்."

"எங்க வேணான்னா எங்க?"

"உனக்கு எங்க வேணும்?"

"நீதானே பெரியவ. சொல்லேன்."

"ஓ, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா நான் பெரியவன்னு?"

"அமிக் போலாம் அக்கா," என்றாள். அழுதுகொண்டு சொன்னாளா, மூக்கடைப்பா என்று ஃபோனில் தெரியவில்லை. எனக்கும் மூக்கடைப்புதான். வீட்டுக்கு வீடு இந்த மாதம் அப்படி.

யார் முதலில் பேசியது என்பதில் கரையை அடைவதற்குள்ளேயே தகராறு வந்துவிட்டது. அவள் சாதெட்டினிடம்தான் பேசினாளாம். நான் பேசியது காரிடம். ஆகவே இரண்டு பேருமே முதலில் பேசவில்லை என்று சகலைகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

அமிக்கில் ஒரே ஜமுக்காளம். கட்டிப்பிடித்தபோது அவள் இளைத்திருப்பது கைக்குத் தெரிந்தது. உடுத்திய துணியோடு இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினோம். நான் முழங்காலளவில் நின்றுவிட்டேன். அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் வா அக்கா. இந்தத் தண்ணி ஆளைத் தூக்கும், முழுகவிடாது."

"முழுகினா?"

"முழுகினா உன் சீஸை யாருக்கும் காட்டிக்கொடுக்க மாட்டேன்."

தண்ணீரை அள்ளி அவள் முகத்தில் அடித்தேன். கண்ணில் சோடாத் தண்ணீர் பட்டு அவள் கூச்சல் போட, ஊர் ஜனம் திரும்பிப் பார்க்க, கரையில் ஹாலித் "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்றது எனக்கே கேட்டது.

சாயங்காலம் தலை துவட்டும்போது வீட்டுச் சாவியை என் மடியில் போட்டாள். தோட்டத்தில், வாதுமை மரத்தடியில் இரண்டு பானை புதைத்திருக்கிறாளாம். லாரியில் ஏற்ற முடியாது, பாதி வழியில் வெயிலில் கெட்டுவிடும்.

"நவம்பர்ல தோண்டி எடுத்துக்கோ. ரோஜாவுக்குத் தண்ணி ஊத்து. கடையில போய் நிக்காத."

கடைசி வாக்கியத்தை நான் கேட்காதது போல இருந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

லாரி போய்விட்டது. சமோவாரை என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறாள், நான் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் என்று மணி அடிக்காமலே. தெரு முனைவரை ஓடினேன். முழங்கால் வலிக்கவில்லை. இப்போது வலிக்கிறது.

செப்டம்பர் 19, வியாழன்

தினமும் காலையில் ஃபோன். ரொட்டிக்கு மாவு பிசைந்ததிலிருந்து பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது வரை. கா விட்டிருந்த ஆறு வருடம் காது எவ்வளவு சுகமாக இருந்தது.

நவம்பர் 10, ஞாயிறு

இரண்டு மலையும் தொப்பி போட்டு, சால்வையும் போர்த்திவிட்டன. கரையெல்லாம் காலி. அவள் வீட்டுக்குப் போய் ஹாலித் தோண்டினார், நான் மேற்பார்வை பார்த்தேன். முதல் பானை முழுசாக வந்தது. வாயைத் திறந்ததும் அந்த வாசனை. ஒரு துண்டை எடுத்து அங்கேயே, வாதுமை மரத்தடியில் நின்று தின்றேன். உப்பு அளவு, தழை அளவு, எல்லாம் அம்மா கைதான். அழுகை வந்தது. ஹாலித் மண்வெட்டியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார்.

ஃபோன் போட்டேன்.

"தோண்டிட்டியா அக்கா? எப்படி இருக்கு? சொல்லு, எப்படி இருக்கு?"

"ம்ம்… கடையில வாங்குனது மாதிரி இருக்கு."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை. போச்சு, இன்னும் ஆறு வருடம் என்று நினைத்தேன்.

"அப்ப உனக்கு ரொம்பப் பழகின ருசியாத்தான் இருக்கும்," என்றாள் பெரிஹான்.

ஹாலித் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். நான் ஃபோனை வைத்துவிட்டேன். இந்த வாய்க்கு, அவளே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கட்டும்; சின்னவள்தானே முதலில் வரவேண்டும். மறுபடியும் கா விட எனக்கு எவ்வளவு நேரமாகும்?

வீட்டுக்கு வந்து, கை கழுவி, சமோவாரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு நானே கூப்பிட்டேன். புர்சாவில் மலை தொப்பி போட்டிருக்கிறதா என்று கேட்க மறந்துபோயிருந்தது.